ரெண்டு கதவு வண்டி

வாங்க தம்பி, உள்ள வாங்க. திண்டுக்கல்லுல இருந்து வண்டி பாக்க வர்றேன்னு போன் பண்ணுனது நீங்கதானுங்களே? செருப்பு அங்கயே கெடக்கட்டும், இங்க நாய் கீய் ஒண்ணும் இல்ல. அந்தச் சேர்ல உக்காருங்க, ஃபேன் போடறேன். அவரு இப்பத்தான் முடி வெட்டிக்கப் போனாரு. "வண்டி பாக்க ஆளு வர்ற அன்னைக்கா முடி வெட்டோணும்?"னு கேட்டேன். செருப்பை மாட்டிட்டுக் கெளம்பிட்டாரு. அரை மணி நேரத்துல வந்துருவாரு. சாவியையும் சட்டைப் பையில போட்டுட்டுப் போயிட்டாரு. சலூனு தெருமுக்குலதான், நடந்துதான் போனாரு. சாவி எதுக்குன்னு எனக்கும் தெரியல.

காப்பி குடிப்பீங்கல்ல? சக்கரை போடலாமுங்களா? இருங்க.

இந்தாங்க. சூடா இருக்குது, பாத்து.

வண்டி அந்தா, மரத்தடியில துணி போத்தி நிக்குது பாருங்க. அவரு வந்து தொறந்து காட்டுவாரு. வெலை, பேப்பரு எல்லாம் அவருகிட்டயே பேசிக்குங்க, எனக்கு அதெல்லாம் தெரியாது. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, அது கூப்பே. செடான் இல்ல. அதை மட்டும் நல்லாத் தெரிஞ்சுக்கிட்டு வாங்குங்க. நான் தெரியாம இந்த ஒரு வருசமாப் பட்ட பாடு இருக்குதே!

போன்ல போட்டோ பாத்தீங்களா? முன்சீட்டுல ஒரு பொம்பளை உக்காந்திருந்திச்சில்ல, அது நாந்தான். "நீ உக்காரு, ஆளு ஒண்ணு உக்காந்தாத்தான் வண்டியோட அளவு தெரியும்"னாரு. உக்காந்தேன். பல்லு தெரியச் சிரிச்சிட்டு உக்காந்திருக்கேன்னு எம்பையன் பெங்களூர்ல இருந்து போன் போட்டுச் சொல்றான். நான் எங்க சிரிச்சேன்? வெயிலுக்கு மூஞ்சி சுளிச்சேன், அது அப்படி விழுந்திருக்குது.

மொதல்ல இருந்து சொல்றனுங்க. அவரு வர்ற வரைக்கும் நமக்கும் பொழுது போகோணுமில்ல.

அவருக்கு இந்த உடுமலையில மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிஞ்சு போன கெணத்து மோட்டாரு, போர் மோட்டாருக்கெல்லாம் புதுசாச் செம்புக் கம்பி சுத்திக் குடுப்பாரு. முப்பது வருசம். கடைக்கு ஒரு பழைய வேன் வச்சிருந்தாரு. வாரத்துல ஆறு நாளு அதுல மோட்டாரு போகும், ஞாயித்துக்கிழமை நாங்க போவோம். நாங்கன்னா யாரு? நான், அவரு, எங்க பையன், பொண்ணு, பக்கத்து ஊட்டு நங்கை, அவங்க ஊட்டுக்காரரு, அவங்க ரெண்டு புள்ளைக. நங்கைன்னா அவரோட அக்கா, சிவகாமி. அவங்க ஊட்டுக்காரரு தங்கமுத்தண்ணன். அவருக்கு வண்டி ஆடுனா வாந்தி வரும். அதனால முன்சீட்டு எப்பவும் அண்ணனுக்கு. நங்கைக்கு முட்டி வலி, காலை நீட்டோணும், அதனால நடுசீட்டுல சன்னல் ஓரம் அவங்க. புள்ளைக கண்ட எடத்துல. நான் கடைசில, சாப்பாட்டு அடுக்கையும் தண்ணிக் கேனையும் ரெண்டு பக்கமும் அணைச்சுப் பிடிச்சுக்கிட்டு. ஒரு தடவை பழனி போற வழியில சாம்பாரு சாஞ்சு என் சேலையெல்லாம் ஆயிருச்சு. "சாம்பாரு போச்சே"ன்னு நங்கை அப்படி வருத்தப்பட்டாங்க. நானும் வருத்தப்பட்டேன்.

குத்தமாச் சொல்லலீங்க. குடும்பம்னா அப்படித்தான். எல்லாரும் போனாத்தான அது போறது.

அப்புறம் புள்ளைக வளந்தாங்க, பையன் பெங்களூரு, பொண்ணு ஈரோட்டுல குடுத்தாச்சு. போன வருசம் அவருக்கு அறுபது முடிஞ்சுது. கடையைத் தம்பி மகன்கிட்ட ஒப்படைச்சாரு. வேனையும் கடையோடவே விட்டுட்டாரு. "இனி ஒரு காரு வாங்கலாம்"னாரு. எனக்கு வாயெல்லாம் பல்லு. எதுத்த ஊட்டு டீச்சரம்மா வச்சிருக்கிற மாதிரி செடான் வாங்கலாம்னு சொன்னேன். நாலு கதவு, பின்னாடி நல்லா விசாலமா, மூணு பேரு தாராளமா உக்காரலாம், டிக்கில ரெண்டு வீட்டுச் சாமானும் புடிக்கும். நங்கைகிட்டயும் சொல்லிட்டேன். அண்ணன்கிட்டயும் சொல்லிட்டேன். தெருவுல பாதிப் பேருகிட்டச் சொல்லிட்டேன்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயமுத்தூரு போயி வண்டியோட வந்தாரு. ஒரு மில்லுக்காரரு ஊட்டுல பன்னெண்டு வருசம் நின்ன வண்டி. வெளிநாட்டு வண்டி. அதோட பேரை நான் சொன்னா அவரு திருத்துவாரு, அதனால நான் சொல்றதே இல்ல. நல்ல கருநீலம். பளபளன்னு வாசல்ல வந்து நின்னுது. நான் ஆரத்தித் தட்டோட நிக்கறேன். நங்கை எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு வச்சாங்க. அண்ணன் பூசணிக்காயோட நிக்கறாரு. எல்லாம் ஆச்சு. "மொத சுத்து எல்லாரும் ஏறுங்க, மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு வரலாம்"னு நான்தான் சொன்னேன். சொல்லிட்டுப் பின்கதவைத் தொறக்கப் போனா, கதவைக் காணோம்.

கையால தடவுறேன் தம்பி. கைப்பிடியே இல்ல. சரி, இந்தப் பக்கம் இல்ல போலிருக்குதுன்னு வண்டியைச் சுத்தி அந்தப் பக்கம் போனேன். அங்கயும் இல்ல. திருப்பி இந்தப் பக்கம் வந்தேன். ஆரத்தித் தட்டைக் கையில வச்சுக்கிட்டு ரெண்டு சுத்துச் சுத்தியிருக்கேன். வண்டிக்குப் பிரகாரம் சுத்தறேன்னு நெனச்சு டீச்சரம்மா கும்பிட்டாங்க.

"ஏனுங்க, பின்கதவு எங்க?"ன்னேன்.

"இல்ல"ன்னாரு.

"இல்லன்னா? மில்லுக்காரரு கழட்டி வச்சுக்கிட்டாரா?"

"இது கூப்பே வசந்தா. இதுக்கு ரெண்டு கதவுதான்."

எங்களுக்குக் கூப்புன்னா ஆனைமலைக் காட்டுல மரம் வெட்டி லாரில ஏத்தற எடம். அண்ணன் பெரிய மனுசனாட்டம் தலையாட்டறாரு, "ஓ, காட்டு ரோட்டுல போற வண்டி"ங்கறாரு. அவரும் இல்லைன்னு சொல்லல. அவரு எப்பவுமே அப்படித்தான், வாயைத் தொறந்தாத்தான! மோட்டாரைச் சுத்திச் சுத்தி மனுசனும் அந்தச் செம்புக் கம்பியாட்டம் உள்ளுக்குள்ளயே சுத்திக்கிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலமே பையனுக்குப் போன் போட்டேன். "டேய், செடானுக்கும் கூப்பேக்கும் என்னடா வித்தியாசம், உங்கப்பா என்னமோ வாங்கிட்டு வந்திருக்கிறாரு"ன்னேன். அவன் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தான். இப்ப நான் உங்களுக்கு எடுக்கறேன், நீங்க வாங்கற ஆளு, தெரிஞ்சுக்கோணும்.

ரெண்டுமே பாத்தா ஒரே மாதிரிதாங்க. முன்னால இஞ்சினுக்கு ஒரு பொட்டி, நடுவுல ஆளுக்கு ஒரு பொட்டி, பின்னால டிக்கி. மூணு பொட்டியும் ரெண்டுலயும் உண்டு. செடானுக்கு நாலு கதவு. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் நடுவுல ஒரு தூணு நிக்கும், பின்கதவு அதுலதான் தொங்கும். கூப்பேக்கு ரெண்டே கதவு, அதுவும் நல்லா நீளமா. எங்க வண்டில அந்தத் தூணும் மேல வரைக்கும் வராது, கண்ணாடிக்குச் சட்டமும் கெடையாது. கண்ணாடி ரெண்டையும் எறக்கிட்டா முன்னால இருந்து பின்னால வரைக்கும் ஒரே வெட்டவெளி. காத்து வந்து மூஞ்சியில அப்பும். தலை கலைஞ்சு போகும்னு சொன்னேன், கேட்டாத்தான.

அப்புறம் மேக்கூரை. செடானுக்குக் கூரை நேராப் போயி, பின்சீட்டுக்காரங்க தலையைத் தாண்டித்தான் எறங்கும். கூப்பேக்கு முன்சீட்டுக்காரங்க தலையைத் தாண்டுன ஒடனே சரிய ஆரம்பிச்சிரும். பாக்கறதுக்கு அழகுதான், ஓடற குதிரை முதுகாட்டம். ஆனா பின்னால உக்கார்றவங்க தலை என்ன ஆகறது?

நான் கேட்டேன், "ஏண்டா, அப்ப கதவை எண்ணிட்டாப் போதுமா?"ன்னு. "இல்லம்மா, இப்ப நாலு கதவு வச்சுட்டும் கூப்பேன்னு பேரு போட்டு விக்கறாங்க. கூரை சரிஞ்சிருந்தாப் போதும்ங்கறாங்க. பின்சீட்டு எடம் இத்தனைக்குக் கீழ இருந்தாத்தான் கூப்பேன்னு அளவு வச்சுச் சொல்றவங்களும் இருக்கறாங்க. ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. நீ இப்படி நெனச்சுக்க. பின்சீட்டுல உக்கார்றவங்களை மனசுல வச்சுக் கட்டுனா செடான். முன்னால உக்கார்ற ரெண்டு பேரை மனசுல வச்சுக் கட்டுனா கூப்பே"ன்னான்.

கேட்டீங்களா தம்பி? முன்னால ரெண்டு பேரை மனசுல வச்சு! அப்ப மத்தவங்க? அண்ணன் எங்க உக்காருவாரு? நங்கை எங்க உக்காருவாங்க? சரி, வாங்கும்போது யாராவது எடுத்துச் சொன்னாங்களான்னு கூடப் போன மெக்கானிக்கைப் புடிச்சு விசாரிச்சேன். அந்த ஆளு சொல்றான், "நான் சொன்னனுங்கம்மா. அண்ணே, இது ரெண்டு பேருக்குத்தான் வசதிப்படும்னு தெளிவாச் சொன்னேன். அது போதும்னு சொல்லிட்டாருங்க"ன்னு. அது போதுமாம்! குடும்பத்து மேல எவ்வளவு அக்கறை பாருங்க இந்த மனுசனுக்கு.

நான் விட்டனா? வண்டி வந்த பத்தாம் நாளு பழனிக்குப் போலாம்னு நானே ஏற்பாடு பண்ணிட்டேன். நங்கையும் அண்ணனும் வரோணும்னு வெத்தலைபாக்கு வைக்காத குறை. அவரு என்னைப் பாத்தாரு. நான் அவரைப் பாக்கல.

அண்ணன் வழக்கம் போல முன்சீட்டுக்குப் போனாரு. அவரு உக்காந்துட்டா நாங்க எப்படிப் பின்னால போறது? சீட்டை முன்னால மடக்குனாத்தான் வழி. அண்ணனை எறக்கி, சீட்டை மடக்கி, நங்கையை அனுப்பினோம். நங்கை கொஞ்சம் வாட்டசாட்டம். பட்டுச்சேலை வேற. தலை உள்ள போச்சு, ஒரு காலு உள்ள போச்சு, அதுக்கு மேல ஒண்ணும் போகல. நான் வெளிய இருந்து தள்ளறேன், அவரு அந்தப் பக்கக் கதவு வழியா நீட்டிக் கையைப் புடிச்சு இழுக்கறாரு. "மெதுவாடா சிகாமணி, மெதுவாடா!"ன்னு நங்கை கத்தறாங்க. எங்கூட்டுக்காரரு பேரு தெய்வசிகாமணி. டீச்சரம்மா இந்தத் தடவை கும்பிடல, வாயைப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டாங்க. ஒரு வழியா ஏத்தி, பக்கத்துல நானும் ஏறி, மடியில அடுக்கு. முட்டி ரெண்டும் தாடையில இடிக்குது. கூரை தலையைத் தட்டுது. வழியெல்லாம் நங்கை முட்டியைத் தேச்சுக்கிட்டே வந்தாங்க. எனக்கென்னமோ கழுத்து ஒரு பக்கமாச் சாஞ்சே இருந்துது, மூணு நாளு.

பழனியில எறங்கறதுதான் பெரிய கூத்து. ஏறுனவங்க எறங்கோணுமில்ல? அடிவாரத்துல ஜட்கா குதிரை வண்டிக்காரங்க நாலஞ்சு பேரு கூடிட்டாங்க. பூக்காரம்மா கூடையை எறக்கி வச்சுட்டு வந்து கை குடுத்தாங்க. ஒரு ஜட்காக்காரரு, "அக்கா, எங்க வண்டில வந்திருந்தாப் பொறகால இருந்து ஒரே எட்டு, எறங்கியிருக்கலாமுங்க"ன்னாரு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. எங்கூட்டுக்காரரும் சிரிச்சாரு. அதை நங்கை பாத்துட்டாங்க.

போச்சு. திரும்பி வர்றப்ப நங்கையும் அண்ணனும் பஸ்ஸுல வந்துட்டாங்க. மூணு வாரம் பேச்சு வார்த்தை இல்ல. அதுக்கப்புறம் எங்க கூப்பிட்டாலும் "நீங்க போயிட்டு வாங்க"தான். பொண்ணு வந்தா அவ மாப்பிள்ளை வண்டியில வர்றா. டீச்சரம்மாவைக் கூப்பிட்டேன், "எனக்கு எங்க வண்டியே போதுமுங்க"ன்னுட்டாங்க. யாருமே வர மாட்டேங்கறாங்க தம்பி. ஒரு வருசமா நாங்க ரெண்டே பேரு.

நெனச்சுப் பாருங்க. எட்டுப் பேரோட போன எடத்துக்கு ரெண்டு பேரு போனா எப்படி இருக்கும்? அமராவதி டேமுக்குப் போனோம். சாப்பாடு கட்ட வேண்டாம்னுட்டாரு. அங்க ஒரு கடையில மீனு வறுத்துக் குடுக்கறாங்க, அதை வாங்கி வண்டி பானெட்டு மேல பேப்பரை விரிச்சு வச்சுச் சாப்பிட்டோம். ரெண்டாவது தடவை வறுத்துத் தரச் சொன்னது நாந்தான், ஆனா பசி, அவ்வளவு தூரம் போனா பசிக்காதா? இன்னொரு ஞாயிறு திருமூர்த்தி மலை. அதுக்கடுத்த ஞாயிறு ஆழியாறு. எங்க போறதுன்னே தெரியாம ஒரு தடவை சும்மா தாராபுரம் ரோட்டுல போனோம். போனதுக்கு ஒரு காரணம் வேண்டாமா? ஒண்ணும் இல்ல. சும்மா.

இதுல கதவு வேற. நீளக் கதவுன்னு சொன்னன்ல? சந்து பொந்துல தொறந்தா எதையாவது இடிச்சுரும். அதனால நான் தொறக்கக் கூடாதாம். வண்டி நின்னதும் அவரே எறங்கி, சுத்தி வந்து, எனக்குக் கதவைத் தொறந்து விடறாரு. ஏறும்போதும் அதே. கடைவீதியில மளிகைக்கடைக்காரரு கல்லாவை விட்டு எந்திரிச்சு வந்து வேடிக்கை பாக்கறாரு. மானம் போகுது எனக்கு. அமராவதி டேமுல ஒரு வண்டி கூட இல்ல தம்பி, அத்தாம்பெரிய மைதானம். அங்கயும் சுத்தி வந்து தொறக்கறாரு. "இங்க எதை இடிக்கும்?"னு கேட்டேன். "பழக்கமாயிருச்சு"ன்னாரு. வண்டியில இது ஒரு பெரிய குறை, நோட்டுப் பண்ணிக்குங்க.

இன்னொரு குறை. அவரு பேசறாரு. ஊட்டுல பேசாத மனுசன் வண்டியில உக்காந்தா வாய் ஓயறதில்ல. வேன்ல அண்ணன் பக்கத்துல உக்காந்திருந்தப்ப "வலது பக்கம் பஸ்ஸு வருது மச்சான்" அளவுக்குத்தான் பேச்சு. இப்ப சின்ன வயசுல மடத்துக்குளத்துல ஆத்துல முங்கினது, மொத மோட்டாரை எரிச்சது, எங்கப்பாவைப் பாத்துப் பயந்தது, எல்லாம் சொல்றாரு. எங்கப்பாவைப் பாத்து இவரு பயந்தாராம்! எங்கப்பா இவரைப் பாத்துப் பயந்தாரு.

தாராபுரம் ரோடுன்னு சொன்னன்ல? காத்தாடியா நிக்கும் பாருங்க, கரண்டு எடுக்கற பெரிய பெரிய காத்தாடி. அங்க போயிட்டிருக்கறப்பத் திடீர்னு கேக்கறாரு.

"வசந்தா, நீ டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியிருந்தியல்ல. ஏன் வேலைக்குப் போகல?"

முப்பத்தோரு வருசம் கழிச்சுக் கேக்கறாரு! கல்யாணமான மூணாம் மாசம் எனக்குத் தாலுக்கா ஆபீஸ்ல இருந்து வேலைக்கு வரச் சொல்லிக் கார்டு வந்துது. அப்பக் கேட்டிருக்கோணும்.

"நீங்க வேண்டாம்னுட்டீங்களே"ன்னேன்.

"நான் எப்பச் சொன்னேன்?"

"சொல்லல. கார்டைக் கொண்டாந்து உங்க கையில குடுத்தேன். படிச்சிட்டு ஒண்ணும் சொல்லாம அலமாரியில வச்சிட்டீங்க. நங்கை 'ஊட்டு வேலை யாரு பாக்கறது'ன்னு கேட்டாங்க. அதுக்கும் நீங்க ஒண்ணும் சொல்லல. அப்ப வேண்டாம்னுதான அர்த்தம்?"

 கொஞ்ச தூரம் போச்சு. அப்புறம் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திட்டாரு. இஞ்சினையும் அணைச்சிட்டாரு. ஆளில்லாத ரோட்டுல, உச்சி வெயில்ல. காத்தாடி சுத்தற சத்தம் மட்டும் வூஷ் வூஷ்னு கேக்குது.

"என்ன சொல்றதுன்னு தெரியாமத்தான் வசந்தா அலமாரியில வச்சேன். நீ போறேன்னு சொல்லுவியான்னு பாத்துட்டே இருந்தேன். தப்பு என்மேலதான்"னாரு.

என்ன பண்றது அந்தத் தப்பை இப்ப வச்சுக்கிட்டு?  எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. கண்ணாடிக்குச் சட்டம் இல்லைன்னு சொன்னன் பாருங்க, அதான், ரோட்டுத் தூசி அப்படியே உள்ள வந்துருது. அதுவும் ஒரு குறை. டீச்சரம்மா செடான்ல இப்படி ஒரு நாளும் ஆனதில்லைன்னு சொல்றாங்க.

காப்பி ஆறிப் போச்சுங்களா? வேற போட்டுத் தரட்டா? வேண்டாமா? சரி.

விக்கறதுக்கு என்ன வந்துதுன்னு கேக்கறீங்களா? போன மாசம் நங்கையோட பேத்திக்குக் காது குத்து. சமையக்கட்டுல பொம்பளைக பத்துப் பதினஞ்சு பேரு. நானும் அவரும் வந்து எறங்குனதை, அந்தக் கதவு தொறக்கற கூத்தை, எல்லாரும் சன்னல் வழியாப் பாத்திருக்கறாங்க. நான் உள்ள போறேன், நங்கை சத்தமாச் சொல்றாங்க. "புதுப் பொண்ணு வந்துட்டா, எடம் விடுங்க. அறுபது வயசுல தேனிலவு வண்டி வாங்கி ஓட்டறாங்க ரெண்டு பேரும்!" அத்தனை பேரும் கொல்லுன்னு சிரிச்சுட்டாங்க. எனக்கு மூஞ்சிய எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. பேரன் பேத்தி எடுத்தாச்சு தம்பி. அவரு அப்படியெல்லாம் நெனச்சு வாங்குவாரா? அவருக்கு அதெல்லாம் தெரியாது. கூரை சரிவு அழகா இருக்குதுன்னு வாங்கியிருக்கறாரு. கேட்டப்பவும் அதைத்தான் சொன்னாரு. "எதுக்குங்க இந்த வண்டியப் போயி வாங்குனீங்க?"ன்னு எத்தனையோ தடவை கேட்டாச்சு. என் மூஞ்சியவே பாத்துட்டு, "கூரை நல்லா இருந்துது"ம்பாரு.

அன்னைக்கு ஊட்டுக்கு வந்ததும் சொல்லிட்டேன். "இதை வித்துருங்க. நாலு கதவு வண்டி வாங்குங்க. நாலு பேரோட போனாத்தான் மனுசங்க நம்மளை மதிப்பாங்க"ன்னு. சண்டை போடுவாருன்னு பாத்தேன். போடல. "ஆகட்டும்"னாரு. அவ்வளவுதான். ரெண்டு நாளு வண்டியைக் கழுவுனாரு. கழுவுன வண்டியை மறுபடியும் கழுவுனாரு. அப்புறம் போட்டோ எடுத்துப் போட்டாரு. அன்னையில இருந்து ரெண்டு ஞாயிறு எங்கயும் போகல. ஊட்டுல உக்காந்து டீவி பாக்கறோம். போன ஞாயிறு நங்கையும் அண்ணனும் வந்திருந்தாங்க, அவங்களும் பாத்தாங்க. பேச்சு? அதான் டீவி பேசுதே.

சும்மா கேக்கறேன், நீங்க ஊட்டுல எத்தனை பேருங்க தம்பி? சம்சாரம், ரெண்டு புள்ளைக, அம்மா, நீங்க. அஞ்சு பேரா! அம்மாவுக்கு வயசு என்ன? முட்டி வலி உண்டுங்களா? பாத்தீங்களா, உண்டு! அப்புறம் எந்தத் தைரியத்துல இதைப் பாக்க வந்தீங்க? உங்கம்மாவை எங்க உக்கார வைப்பீங்க? சின்ன வயசுல இருந்து ஆசைன்னா? ஆசை எல்லாருக்கும் இருக்குது. அன்னைக்கு நங்கை பட்டதைப் பாத்திருந்தா இப்படிப் பேச மாட்டீங்க. எம்பையன் சொன்னது மறந்து போச்சா, பின்சீட்டுல உக்கார்றவங்களை மனசுல வச்சுக் கட்டுனதுதான் செடான். உங்களுக்கு அதுதான் சரி. நல்ல நாலு கதவு வண்டியாப் பாத்து வாங்குங்க. அம்மா ராணியாட்டம் உக்காந்து வருவாங்க.

இந்தா, வந்துட்டாரு.

ஏனுங்க, இதென்ன இப்படி ஒட்ட வெட்டிட்டு வந்திருக்கறீங்க? இவருதான் திண்டுக்கல் தம்பி. நல்ல தம்பி. ஆனா ஊட்டுல அஞ்சு பேராம், அம்மாவுக்கு முட்டி வலியாம். இது ஆகாதுன்னு சொல்லிட்டேன். நாம விக்கறோம்ங்கறதுக்காக அந்தம்மாவைக் கஷ்டப்படுத்த முடியுங்களா? பாவமில்ல?

விக்க வேண்டாமான்னு என்னை எதுக்குக் கேக்கறீங்க? வேண்டாம்னு நான் சொன்னனா? வித்துத்தான் ஆகோணும். தோதான ஆளா வரட்டும்னுதான் சொல்றேன். ஊட்டுல ரெண்டே பேரு இருக்கோணும். வயசானவங்களா இருந்தாலும் பரவால்ல. அப்படி யாராவது வந்தாப் பாக்கலாம். அவசரம் என்ன? இதுக்கு எதுக்குச் சிரிக்கறீங்க? தம்பி, பாருங்க, நான் என்ன சொன்னாலும் இந்தச் சிரிப்புத்தான்.

இல்ல தம்பி, எந்திரிக்காதீங்க, இவ்வளவு தூரம் பஸ்ஸேறி வந்திருக்கறீங்க. வாங்காட்டியும் போகுது, ஆசைக்கு ஒரு சுத்துப் போயிட்டு வரலாம். இன்னைக்கு ஞாயித்துக்கிழமைதான. டேமு வரைக்கும் போவோம், மீனு சாப்பிட்டுட்டுப் போலாம். ஏனுங்க, அந்தத் துணியை எடுங்க. நான் கதவைப் பூட்டிட்டு வர்றேன்.

தம்பி, தம்பி! நில்லுங்க. அங்க எங்க ஏறப் போறீங்க? அந்தச் சீட்டை மடக்கித் தரச் சொல்றேன், நீங்க பொறகால போயிருங்க. தலையைக் குனிஞ்சுக்குங்க, மொதல்ல ஒரு காலை வையுங்க, அப்படியே சாஞ்சாப்புல உள்ள போங்க. டேமு பக்கந்தான், கழுத்து ரெண்டு நாள்ல சரியாயிரும். வண்டி பாக்க வந்தது நீங்கதான், இல்லைங்கல. முன்சீட்டுல நானு.